மழை நாளில் வெளிக்குப் போகாமல் அடம்பிடிக்கும் நாயைப் பழக்குவது எப்படி

ஐப்பசி பிறந்து இரண்டு நாள் விடாமல் மழை பெய்துவிட்டால் போதும், பாளையங்கோட்டைப் பக்கம் நாய் வளர்க்கிற யாரைப் பார்த்தாலும் ஒரே பேச்சுதான். "காலையில இருந்து ஒண்ணுக்குப் போகலை, வாசப்படி வரைக்கும் வந்து நிக்கு, மழையைப் பார்த்ததும் உள்ள ஓடிருது, கடைசியில கட்டிலுக்கு அடியில போய் வச்சிருக்கு." நாய் வாங்கி முதல் மழைக்காலத்தைப் பார்க்கிறவர்களுக்கு இது பயமாகக்கூட இருக்கும். நாய்க்கு உடம்பு சரியில்லையோ, நாம் பழக்கினதெல்லாம் மறந்துபோச்சோ என்று மனசு அடித்துக்கொள்ளும். மறந்தெல்லாம் போகவில்லை. பழகின இடம் அதற்கு இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான். அந்த இடத்தைத் திரும்பக் கொடுத்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. எப்படிக் கொடுப்பது என்பதைத்தான் ஒவ்வொன்றாகச் சொல்லப்போகிறேன்.

முதலில் நாய் ஏன் போக மாட்டேன் என்கிறது என்று புரிய வேண்டும். நம் திருநெல்வேலிச் சீமைக்கென்றே ஒரு காரணம் உண்டு. மேற்கே மலை மறைத்துக்கொள்வதால் ஆனி ஆடியில் குற்றாலத்திலும் பாபநாசத்து மலையிலும் கொட்டுகிற மழை டவுன் பக்கம் வருவதில்லை, காற்று மட்டும்தான் வருகிறது. நமக்கு மழையென்றால் பெரும்பாலும் ஐப்பசியும் கார்த்திகையும்தான். தை மாதம் ஒரு குட்டி வாங்கி வந்தீர்கள் என்றால் அது ஒழுங்கான மழையைப் பார்க்கும்போது பெரிய நாயாகி நிற்கும். நாய்க்குட்டி உலகத்தை இது நல்லது, இது பயப்பட வேண்டியது என்று பிரித்துப் பழகுவது பிறந்து மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய மூன்று, மூன்றரை மாதம் வரைக்கும்தான். அந்த நாட்களில் மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விழாத குட்டிக்கு, வளர்ந்த பிறகு வானத்திலிருந்து தண்ணீர் கொட்டினால் எப்படி இருக்கும்? செங்கோட்டையில் என் சித்தி வீட்டு நாய் சாரலில் பிறந்து சாரலிலேயே வளர்ந்தது. அது நனைந்துகொண்டே நிதானமாகக் காலைத் தூக்கிவிட்டு வரும்.

இன்னொரு காரணம் மூக்கு. நாய் தன் இடத்தைக் கண்ணால் தேடுவதில்லை, மோந்துதான் கண்டுபிடிக்கிறது. நேற்று வரை தன் வாசனை இருந்த வேலியோரத்தை மழை கழுவிவிட்டது, அங்கே முழங்கால் அளவு தண்ணீர் வேறு நிற்கிறது. அப்புறம் உடம்பு. கன்னி, சிப்பிப்பாறை, ராஜபாளையம் போன்ற நம் பக்கத்து நாய்களுக்கு ரோமம் குட்டை, அடியில் மெத்தென்ற உள்ரோமமும் கிடையாது. தண்ணீர் நேராகத் தோலில் படும், குளிரும். டாக்ஸ்ஹண்ட் மாதிரிக் குட்டைக்கால் நாய் என்றால் ஈரப்புல் வயிற்றில் உரசும். காதுக்குள் சொட்டு விழுவது எந்த நாய்க்கும் பிடிக்காது. இவ்வளவும் சேர்ந்து வாசப்படியில் நிற்கிற நாயை "திமிர் பிடிச்சிருக்கு" என்று சொல்வது நியாயமே இல்லை.

இதை நான் கற்றுக்கொண்டது 2023 டிசம்பர் வெள்ளத்தில். 17, 18 தேதிகளில் பெய்த மழையை இங்கே யாரும் மறக்க மாட்டார்கள், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி ஏறி வந்து எங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் கீழ்வீட்டை விட்டுவிட்டு எல்லோரும் மாடிக்குப் போய்விட்டோம். எங்கள் செம்பி செவலை நிற நாட்டு நாய். 17ஆம் தேதி மத்தியானம் கடைசியாக ஒண்ணுக்குப் போனது. மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனால் நாலு பக்கமும் சுற்றிவிட்டு என் காலடியில் வந்து நின்று நடுங்கும். ராத்திரி போகவில்லை. மறுநாள் விடிந்தும் போகவில்லை. கழுத்துப்பட்டையைப் பிடித்து மழைக்குள் இழுத்தேன், நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நகர மறுத்துவிட்டது. ஆச்சிதான் சத்தம் போட்டாள்: "ஏல, அதைப் போட்டு இழுக்காத. சிமெண்டுத் தரையில அது என்னைக்குப் போயிருக்கு? மண்ணு வேணும்லா அதுக்கு."

மாடியில் இரண்டு செம்பருத்தித் தொட்டி இருந்தது. ஒரு சாக்கை மாடிப்படிக் கூரைக்குக் கீழே விரித்து, இரண்டு தொட்டி மண்ணையும் அதில் தட்டிக் கையால் பரப்பினேன். செம்பி வந்து ஓரத்தை மோந்தது. ஒரு முன்னங்காலை வைத்துப் பார்த்தது, மறுகாலை வைத்தது, இரண்டு சுற்று சுற்றி உட்கார்ந்தது. ஒரு நிமிஷத்துக்கு மேல் அப்படியே உட்கார்ந்திருந்தது. மண்ணெல்லாம் நனைந்து சாக்குக்கு வெளியே ஓடிற்று. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் அது அடக்கிக்கொண்டு இருந்ததற்குக் காரணம் ஒரு சாக்கு மண் இல்லாததுதான்.

ஆகவே முதல் வேலை, மழைக்கு முன்னாடியே ஓர் இடம் தயார் செய்வது. புரட்டாசியிலேயே ஆரம்பித்துவிடுங்கள். பின்வாசலிலிருந்து பத்தடிக்குள் இருக்கட்டும், தூரம் கூடினால் நாய் பாதியில் திரும்பிவிடும். மூன்றடிக்கு நாலடி போதும். இரண்டு வரிசை செங்கல் அடுக்கி நடுவில் கொஞ்சம் சரளைக்கல் போட்டு மேலே மணலோ தோட்டத்து மண்ணோ கொட்டுங்கள், தண்ணீர் தேங்காமல் இறங்கும். நாய் இதுவரை புல்லில் போய்ப் பழகியிருந்தால் புல்கரணை வெட்டி வையுங்கள். மண்ணில் பழகின நாய் மண்ணைத்தான் கேட்கும், அதன் காலுக்குத் தெரிந்த தரையைக் கொடுப்பதுதான் முக்கியம்.

மேலே கூரை வேண்டும். நிறையப் பேர் தகர ஷீட்டைப் போட்டுவிடுகிறார்கள். மழை தகரத்தில் விழும்போது அதற்கு அடியில் நீங்களே ஒரு நிமிஷம் நின்று பாருங்கள், காது அடைத்துவிடும். நம்மைவிடக் கூர்மையாகக் கேட்கிற நாய் அங்கே நிம்மதியாக உட்காருமா? தென்னங்கிடுகு நாலைந்து வாங்கிச் சாய்வாகக் கட்டினால் சத்தமே இருக்காது, செலவும் குறைவு. ஏற்கெனவே தகரம் போட்டாச்சு என்றால் அதன் மேலே கிடுகையோ பழைய சாக்கையோ பரப்பிக் கல் வைத்துவிடுங்கள். மாடி வீட்டுக்காரர்கள் பால்கனி ஓரத்தில் ஓர் அகலமான பிளாஸ்டிக் தட்டில் மண் நிரப்பி வைக்கலாம், வாரம் ஒருமுறை மண்ணை மாற்ற வேண்டும்.

இடம் தயாரானதும் அது தன் இடம்தான் என்று நாயின் மூக்குக்குச் சொல்ல வேண்டும். வழக்கமாக அது போகிற இடத்திலிருந்து மூத்திரம் நனைந்த மண்ணை ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு வந்து இங்கே கலந்துவிடுங்கள். நல்ல வெயில் நாட்களிலேயே காலையில் முதல் தடவை இங்கேதான் கூட்டிவர வேண்டும். பீயை உடனுக்குடன் எடுத்துவிடுங்கள், அசிங்கமாகக் கிடந்தால் நாய் அந்தப் பக்கமே போகாது. மூத்திர வாசனை கொஞ்சம் இருக்கட்டும்.

அடுத்தது ஒரு சொல். எங்கள் வீட்டில் "ஒண்ணுக்குப் போ". உங்கள் வீட்டில் எதுவாகவும் இருக்கலாம், ஆனால் வீட்டில் எல்லோரும் அதே சொல்லைத்தான் சொல்ல வேண்டும், ஒருத்தர் "சீக்கிரம் போ" என்றும் இன்னொருத்தர் "இருடே, முடிச்சிட்டு வா" என்றும் சொன்னால் நாய்க்கு எதுவும் பதியாது. நாய் உட்கார ஆரம்பிக்கிற அந்த நொடியில் மெதுவாகச் சொல்லுங்கள், முடித்ததும் அங்கேயே நின்று வாய்க்கு ஏதாவது கொடுங்கள். வீட்டுக்குள் வந்து கொடுத்தால் உள்ளே வந்ததற்குக் கொடுத்தது என்றுதான் அது நினைக்கும். உப்புப் போடாமல் அவித்த கோழி ஈரல் சுண்டைக்காய் அளவு போதும், அவித்த முட்டையில் ஒரு துண்டும் சரிதான். பிரியமாக இருக்கிறது என்று அல்வாவைப் பிய்த்துக் கொடுக்காதீர்கள், அந்த நெய்யும் சீனியும் அதன் வயிற்றுக்கு ஆகாது. இரண்டு மூன்று வாரம் இப்படிச் செய்தால், பிறகு சொல்லைச் சொன்னதும் நாய் இடம் தேட ஆரம்பிப்பதைப் பார்க்கலாம். மழையில் நிற்கும்போது இந்த ஒரு சொல் எத்தனை நிமிஷத்தை மிச்சப்படுத்தும் என்று அப்போது தெரியும்.

ஈரத்தைப் பழக்குவதற்குத் தனியாக எதுவும் செய்ய வேண்டாம், காலையில் வாசல் தெளிக்கிற நேரம் போதும். தெளித்த உடனே, கோலம் போடுவதற்கு முன்னாடி, குட்டியை அந்த ஈரத்தரையில் நடக்கவிடுங்கள். இரண்டு எட்டு வைத்தால் ஒரு துண்டு ஈரல். நாலைந்து நாளில் ஈரம் என்றால் ஏதோ கிடைக்கும் என்று ஓடிவரும். அப்புறம் செடிக்கு ஊற்றுகிற பூவாளியால் அதன் பக்கத்தில் தரையில் தண்ணீர் விட்டு அந்தச் சத்தத்தைக் கேட்கவிடுங்கள், பிறகு முதுகில் நாலு சொட்டு. ஹோஸை எடுத்து நேராக அடித்துவிடாதீர்கள், ஒரே தடவையில் எல்லாம் கெட்டுப்போகும்.

குடையும் அப்படித்தான். பட்டனை அமுக்கினால் படாரென்று விரிகிற குடை நாய்க்குப் பெரிய பயம். வீட்டுக்குள்ளேயே விரித்துத் தரையில் வைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள், அதுவே வந்து மோந்து பார்க்கட்டும். பிறகு விரித்த குடையோடு நீங்கள் நடக்க, அது கூட நடந்து பழகட்டும். நாய்க்கென்று விற்கிற மழைக்கோட்டு சில நாய்க்குப் பிடிக்கும், சில நாய் போட்டதும் சிலை மாதிரி நின்றுவிடும். என்னைக் கேட்டால் நல்ல கூரை இருக்கிற வீட்டுக்குக் கோட்டு தேவையில்லை. வாங்கினால் ஆண் நாய்க்கு அடிவயிற்றை மூடாததாகப் பார்த்து வாங்குங்கள்.

இனி சாப்பாடு. தட்டில் எப்போதும் சோறு கிடந்தால் நாய் எப்போது வெளிக்குப் போகும் என்று உங்களால் கணிக்கவே முடியாது. காலை ஒரு நேரம், சாயங்காலம் ஒரு நேரம் என்று வைத்து, கால் மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். வயிற்றில் சாப்பாடு விழுந்ததும் குடல் வேலை செய்ய ஆரம்பிக்கும், குட்டிகள் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் போய்விடும், பெரிய நாய்க்குக் கொஞ்சம் முன்னே பின்னே ஆகலாம். நேரம் தெரிந்துவிட்டால் மழை ஓய்கிற இடைவெளியைப் பார்த்துச் சாப்பாட்டை அரை மணி முன்னே பின்னே தள்ளிக்கொள்ளலாம். தூங்கி எழுந்த உடனேயும் கட்டாயம் கூட்டிப்போங்கள். குட்டிகளுக்கு ஒரு கணக்கு உண்டு: எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால் அத்தனை மணி நேரம்தான் பகலில் அடக்க முடியும். இரண்டு மாதக் குட்டி என்றால் மூன்று மணி நேரம். மழை பெய்கிறதே என்று தண்ணீரைக் குறைப்பது பெரிய தப்பு, மழை நாளில் நாய்கள் தானாகவே குறைவாகத்தான் குடிக்கும். சோற்றில் கொஞ்சம் வெந்நீர் கூட ஊற்றிக் குழைத்து வையுங்கள்.

சரி, மழை வந்துவிட்டது, நாய் வாசப்படியில் நிற்கிறது. இப்போது என்ன செய்ய வேண்டும்?

கயிற்றை மாட்டுங்கள், வாசலிலேயே இடம் இருந்தாலும் கயிறு இருக்கட்டும், இல்லாவிட்டால் நாய் கட்டிலுக்கடியில் ஓடிவிடும். நீங்கள் முதலில் இறங்குங்கள். இறங்கிவிட்டுத் திரும்பி அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு கூப்பிடாமல், இடத்தைப் பார்த்து நடங்கள், கயிறு தொய்வாகவே இருக்கட்டும். இழுத்தால் நாய் எதிர்ப்பக்கம்தான் சாயும். இரண்டு எட்டு வைத்தாலும் நல்ல வார்த்தை சொல்லுங்கள். இடத்துக்குப் போனதும் ஒரே இடத்தில் நில்லுங்கள், நாயை அங்கும் இங்கும் உலாத்தவிடாதீர்கள். சொல்லை ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை. ஐந்து நிமிஷம் பாருங்கள். போனால் ஈரல், தட்டிக்கொடுத்தல், உடனே வீட்டுக்குள். மழையில் நிற்கிற நாய்க்கு உள்ளே போவதைவிடப் பெரிய பரிசு கிடையாது.

போகவில்லையா, கோபப்படாமல் உள்ளே வாருங்கள். ஆனால் அவிழ்த்துவிடாதீர்கள். கயிற்றை உங்கள் இடுப்பில் கட்டிக்கொண்டோ நாற்காலிக் காலில் கட்டியோ கண் முன்னாடியே வைத்துக்கொள்ளுங்கள். கால் மணி, இருபது நிமிஷம் கழித்து மறுபடியும் கூட்டிப்போங்கள். இடையில் தரையை மோந்துகொண்டு சுற்ற ஆரம்பித்தால் உடனே வெளியே. இப்படி மூன்று நாலு தடவை நடக்கவேண்டி வரலாம், முதல் மழைக்காலத்தில் எனக்கு ஏழு தடவை நடந்த நாளும் உண்டு. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். விட்ட அன்றைக்கு நாய் வீட்டுக்குள் போகும், உள்ளே போனால் நனையவில்லை என்பது அதற்கு ஒரே நாளில் பதிந்துவிடும்.

தயவுசெய்து நாயை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தாதீர்கள். சாத்தினால் அது கதவைப் பார்த்து அழுதுகொண்டு நிற்குமே தவிர மூத்திரம் போகாது, மழை மேல் இருந்த வெறுப்பு பத்து மடங்காகும். வீட்டுக்குள் போய்விட்டால் அடிப்பது, மூக்கைப் பிடித்து அதில் தேய்ப்பது எல்லாம் பழைய கெட்ட பழக்கம். அதிலிருந்து நாய் கற்றுக்கொள்வது, உங்கள் கண்ணில் படாமல் போக வேண்டும் என்பதை மட்டும்தான். அப்படிப்பட்ட நாய் வெளியே கயிற்றோடு உங்கள் பக்கத்தில் நிற்கும்போது சுத்தமாகப் போகவே போகாது.

போன இடத்தைச் சுத்தம் பண்ணுவதிலும் கவனம் வேண்டும். கருப்பு ஃபினாயில் நாய்க்கு நஞ்சு, காலில் பட்டு நக்கினால் உள்ளே போய்விடும். பிளீச்சிங் பவுடரும் வேண்டாம், மூத்திரத்தோடு சேர்ந்தால் மூச்சை அடைக்கிற நெடி கிளம்பும். துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடையுங்கள், காய்ந்ததும் சமையல் சோடாவைத் தூவிப் பெருக்கிவிடுங்கள். வாசனை மிச்சமிருந்தால் நாளைக்கும் அங்கேதான் வரும்.

இடி இடிக்கும்போது மேலே சொன்ன எதுவும் வேண்டாம். மின்னல் வெட்டியதும் எண்ண ஆரம்பியுங்கள், இடி கேட்க மூன்று நொடி ஆனால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தூரம். முப்பது நொடிக்குள் கேட்டால் நீங்களும் வெளியே போகக்கூடாது, நாயும் போகக்கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகட்டும். மின்னல் எச்சரிக்கைக்கு தாமினி என்ற செயலி இருக்கிறது, போனில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். இடிக்குப் பயந்து உங்களிடம் ஒண்டிக்கொண்டால் அணைத்துக்கொள்ளுங்கள். அணைத்தால் பயம் கூடும் என்று சொல்வார்கள், அப்படி ஆகாது.

ராத்திரியில் டார்ச் இல்லாமல் இறங்கவே இறங்காதீர்கள். மழைக்குப் பொந்தில் தண்ணீர் ஏறினால் கட்டுவிரியனும் கண்ணாடி விரியனும் மேட்டைத் தேடி வரும், உங்கள் செங்கல் மேடுதான் அதற்குக் கிடைக்கும். முதலில் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு நாயை விடுங்கள். தேரையைக் கவ்வி வாயில் நுரை தள்ளினால் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்துத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். கரண்ட் கம்பத்துப் பக்கம் தேங்கின தண்ணீரில் கால் வைக்கவிட வேண்டாம், ஆண் நாய்க்குக் கம்பம் என்றால் விருப்பம், அந்தப் பாதையையே மாற்றிவிடுங்கள்.

தேங்கின தண்ணீரைக் குடிக்கவும் விடாதீர்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் எலிக்காய்ச்சல் வரும், நாய்க்கும் வரும், நாயிடமிருந்து நமக்கும் வரும். இதற்கு வருஷா வருஷம் போடுகிற தடுப்பூசி இருக்கிறது, முதல் தடவை என்றால் சில வார இடைவெளியில் இரண்டு ஊசி. ஐப்பசிக்கு முன்னாடியே போட்டுவிட்டால் நல்லது.

உள்ளே வந்ததும் பழைய வேட்டித் துணி ஒன்றை வாசலிலேயே தயாராக வைத்திருங்கள். முதுகைத் துடைப்பது எல்லோரும் செய்வார்கள், விட்டுப்போவது கால்விரல் இடுக்கு. ஒவ்வொரு பாதத்தையும் எடுத்து விரல்களை விலக்கி ஒற்றுங்கள், ஈரம் தங்கினால் இரண்டே நாளில் சிவந்துவிடும், நாய் நக்கிக்கொண்டே கிடக்கும். தொங்கு காது நாய்க்குக் காதைத் தூக்கி உள்மடலைத் துடைக்க வேண்டும். துடைக்கிற கையோடு உண்ணி இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம், காதோரமும் விரலிடுக்கும்தான் அது ஒட்டுகிற இடம். செம்பி இப்போது உள்ளே வந்ததும் தானாகவே முதலில் வலது காலை நீட்டும்.

நல்ல ஆரோக்கியமான நாய் ஏழெட்டு மணி நேரம் அடக்கும், ராத்திரி இன்னும் கொஞ்சம் கூட. பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் மண் தட்டை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து வையுங்கள், பிடிவாதம் வேண்டாம். வயசான நாய், கர்ப்பமான நாய், காய்ச்சலில் கிடக்கிற நாய் என்றால் மழை முடிகிற வரைக்கும் தட்டே இருக்கட்டும். 24 மணி நேரம் ஒரு சொட்டுகூடப் போகவில்லை என்றாலோ, முக்கி முக்கி உட்கார்ந்தும் வரவில்லை என்றாலோ, மூத்திரத்தில் ரத்தம் தெரிந்தாலோ அது மழைப் பிரச்சினை இல்லை, உடனே டாக்டர். முக்கியும் வராத நாய்க்கு, அதிலும் ஆண் நாய்க்கு, மூத்திரக் குழாய் அடைத்திருக்கலாம், அது மணிக்கணக்கில் உயிரை எடுக்கிற விஷயம், 24 மணி நேரம் ஆகட்டும் என்று காத்திருக்கக்கூடாது. நம் பக்கம் ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எங்கே போவதாக இருந்தாலும் வெள்ள நாளில் எந்த ரோடு திறந்திருக்கும், யார் ஆட்டோவில் நாயை ஏற்றுவார் என்பதை மழைக்கு முன்னாடியே விசாரித்து அந்த நம்பரைச் சுவரில் எழுதி வைத்துவிடுங்கள்.